நரம்புக் கடத்தல் பரிசோதனையில் 'நார்மல்' அளவு எப்படி வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்வது என் வேலை. பரிசோதனைக்கு வரும் தமிழர்கள், கூட வரும் பிள்ளைகள், சில சமயம் தாதியர் நண்பர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: "நார்மல் என்கிறீர்களே, யாருக்கு நார்மல்?" அந்தக் கேள்வி நியாயமானது. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இது என்ன பரிசோதனை? ஊசி போடுவார்களா?

கையிலோ காலிலோ ஒரு நரம்பின் மேல் சிறு மின்தூண்டல் கொடுப்போம். நரம்பு அதைக் கடத்திக்கொண்டு போகும். தசையிலோ விரலிலோ ஒட்டியிருக்கும் மின்முனை, அந்த மின்சைகை வந்து சேர்ந்த நேரத்தையும் அதன் உயரத்தையும் பதிவு செய்யும். சுருக்கென்று இருக்கும், ஆனால் ஊசி கிடையாது. ஊசியை வைத்துத் தசையைப் பார்க்கும் ஈஎம்ஜி தனிப் பரிசோதனை. இரண்டையும் ஒரே நாளில் செய்வது வழக்கம் என்பதால் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

முக்கியமாக மூன்று. முதலாவது, தூண்டிய இடத்திலிருந்து பதிவாகும் இடத்துக்குச் சைகை வந்து சேர எடுத்த நேரம். இது மில்லி விநாடியில் இருக்கும். இரண்டாவது, சைகையின் உயரம். தசையில் பதிவானால் மில்லிவோல்ட், உணர்வு நரம்பில் பதிவானால் மைக்ரோவோல்ட். மூன்றாவது வேகம், விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று.

ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கை நரம்புகளின் வேகம் பெரும்பாலும் 50 முதல் 70 வரை, கால் நரம்புகளில் 40 முதல் 60 வரை இருக்கும். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கெட்டால் வேகம் குறைகிறது. இழைகளே செத்துப்போனால் உயரம் குறைகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும். நோயும் வேறு, சிகிச்சையும் வேறு.

நரம்பின் வேகத்தை அளக்க முடியும் என்று முதலில் காட்டியவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1850இல் தவளையின் நரம்பை வைத்துச் செய்தார். மனிதர்களிடம் இதை மருத்துவத்துக்குப் பயன்படும் விதத்தில் அளக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

சரி, 'நார்மல்' என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நரம்பு நோய் இல்லாதவர்கள் பலரை ஒரே முறையில் அளந்து, அந்த எண்களை வரிசையாக வைத்து, பெரும்பான்மையோர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

சிங்கப்பூரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது புதிதில்லை. குழந்தை பிறந்ததும் கொடுக்கும் சுகாதாரக் கையேட்டில் எடைக்கும் உயரத்துக்கும் வளைகோடுகள் இருக்கும். கீழே 3 என்று ஒரு கோடு, மேலே 97 என்று ஒரு கோடு. நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் கடைசி மூன்று பேர் அந்தக் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்பார்கள். அவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்று பொருளில்லை, கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். நரம்பு அளவுகளிலும் இதேதான். சைகையின் உயரத்துக்கும் வேகத்துக்கும் கீழ் எல்லை பார்ப்போம். நேரத்துக்கு மேல் எல்லை பார்ப்போம். வேகம் கூடுதலாக இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை.

சராசரியை எடுத்து இரண்டு மடங்கு திட்டவிலக்கத்தைக் கழித்தால் போதாதா?

திட்டவிலக்கம் என்பது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. பல காலம் அப்படித்தான் செய்தார்கள். இன்றும் சில அட்டவணைகள் அப்படி வந்தவைதான். எண்கள் நடுவில் குவிந்து இரு பக்கமும் சமமாகச் சரிந்தால் அந்தக் கணக்கு சரி. உணர்வு நரம்புச் சைகையின் உயரம் அப்படிச் சரிவதில்லை. நிறையப் பேர் சிறிய எண்களில் குவிந்திருப்பார்கள், சிலருக்கு மட்டும் மிகப் பெரிய எண் வந்து வால் நீளும்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். சராசரி 20 மைக்ரோவோல்ட், திட்டவிலக்கம் 11. இரண்டு மடங்கைக் கழித்தால் கீழ் எல்லை மைனஸ் 2. சைகையே வராத ஒருவருக்குக்கூட உயரம் பூஜ்யம்தான், மைனஸில் போக முடியாது. அப்படியென்றால் இந்த எல்லையை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்லவே முடியாது! 3 மைக்ரோவோல்ட் வந்த நீரிழிவு நோயாளியும் 'நார்மல்' என்று எழுதப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதனால்தான் எண்களை மடக்கைக்கோ வர்க்கமூலத்துக்கோ மாற்றிக் கணக்குப் போடுகிறார்கள், அல்லது குழந்தைக் கையேட்டின் கோடுகளைப் போல நேரடியாக 3ஆவது, 97ஆவது சதமானத்தை எடுக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையின் அட்டவணை எந்த வழியில் வந்தது என்று கேட்டால் நல்ல ஆய்வகம் பதில் சொல்லும்.

எத்தனை பேரை அளக்க வேண்டும்?

மருத்துவ ஆய்வகங்களுக்கான பொது வழிகாட்டுதல் ஒன்று உண்டு. சதமான முறையில் எல்லை வகுக்கக் குறைந்தது 120 பேர் வேண்டும். வேறு இடத்தில் வகுத்த எல்லையை நம் இடத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று சோதித்துப் பார்க்க 20 பேர் போதும். அந்த 20இல் இரண்டு பேருக்கு மேல் எல்லைக்கு வெளியே விழாவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். இரத்தப் பரிசோதனைகளுக்காக வந்த கணக்கு இது, ஆனால் நரம்புக்கும் பொருந்தும்.

120 பெரிய எண்ணாகத் தெரியலாம். சிங்கப்பூரில் அதைப் பிரித்துப் பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. அதே விகிதத்தில் 120 பேரைச் சேர்த்தால் சீனர் 89 பேர், மலாய்க்காரர் 16 பேர், இந்தியர் 11 பேர். அந்தப் பதினொரு பேரை 20 வயதிலிருந்து 80 வயது வரை பிரித்தால் பத்து வயதுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. ஆணும் பெண்ணுமாகப் பிரித்தால் ஒருவர். தமிழர் எத்தனை பேர் என்று கேட்டால் ஐந்தாறு பேர்.

ஐந்தாறு பேரை வைத்து எந்த எல்லையும் வகுக்க முடியாது. சிறுபான்மையினரை மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே சேர்க்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். சமமாக நடத்துகிறோம் என்று நினைத்து விகிதப்படி சேர்த்தால், கடைசியில் நம்மைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் அட்டவணை கையில் இருக்கும்.

ஆரோக்கியமானவர் என்று யாரைச் சேர்ப்பது?

கேட்க எளிது. இந்த வேலை முழுவதிலும் இதுதான் கடினம்.

"எனக்கு ஒன்றுமில்லை, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் போதாது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் 18 முதல் 69 வயதுக்குட்பட்ட இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 16.6, சீனர்களில் 9.7. நீரிழிவு இருப்பதே தெரியாமல் வாழ்கிறவர்கள் இதில் கணிசம். 2016இல் அரசாங்கம் நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்ததற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது ஆய்வுக்குச் சேர்ந்த 55 வயதுக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆறேழு ஆண்டுகளாகச் சர்க்கரை ஏறியிருக்கிறது, அவர் பரிசோதிக்கவே இல்லை. பாத நரம்புகள் ஏற்கெனவே தேயத் தொடங்கிவிட்டன. அவரையும் 'ஆரோக்கியமானவர்' பட்டியலில் போட்டால் கீழ் எல்லை இன்னும் கீழே இறங்கும். அப்படிப் பத்துப் பேர் புகுந்தால் தொடக்கநிலை நரம்புத் தேய்வு உள்ளவர்கள் எல்லாம் 'நார்மல்' ஆகிவிடுவார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அந்தச் சமூகத்துக்கே அட்டவணை கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் தொண்டூழியர்களிடம் வெறும் கேள்வித்தாள் போதாது, கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சர்க்கரை மட்டும் இல்லை. பி12 குறைவு நரம்பைக் கெடுக்கும். பல ஆண்டுகளாக இறைச்சி, மீன், முட்டை தொடாதவர்களிடமும், நீண்டகாலமாக மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் இதைப் பார்க்க வேண்டும். குடிப்பழக்கம், தைராய்டு, கீமோதெரபி எடுத்த வரலாறு, கழுத்து இடுப்புத் தண்டுவடப் பிரச்சினை எல்லாம் கேட்க வேண்டும். அப்புறம் வேலை. சமையற்கூடத்தில் நாள் முழுவதும் வெட்டுகிறவர், மாவு பிசைகிறவர், அதிரும் கருவி பிடிக்கிற கட்டுமான ஊழியர் இவர்களில் பலருக்குக் கை மரத்துப்போகும் தொல்லை வருமுன்னரே மணிக்கட்டில் நரம்பு மெதுவாகிவிடும். அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும். எண்ணைப் பார்த்துவிட்டு "இவர் வேண்டாம்" என்று நீக்குவது ஏமாற்று வேலை.

அதே சமயம் உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்களையும் மருத்துவ மாணவர்களையும் மட்டும் சேர்த்துக்கொள்வதும் தவறு. கூப்பிட்டால் வருவார்கள் என்பதால் பல ஆய்வுகளில் அவர்களே நிறைந்துவிடுகிறார்கள். பரிசோதனைக்கு வரும் நோயாளிகளோ பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அமெரிக்க அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

எடுத்துக்கொள்ளும் இடங்கள் உலகெங்கும் உண்டு, அதில் தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன், எல்லாமே தவறு என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நரம்புத்தசை மின்பரிசோதனை மருத்துவச் சங்கம் அமைத்த பணிக்குழு, பல ஆண்டு வெளியீடுகளை அலசி, கடுமையான நிபந்தனைகளில் தேறிய சில ஆய்வுகளை மட்டும் எடுத்து 2016இல் ஓர் அட்டவணை வெளியிட்டது. குறைந்தது நூறு பேர், வெப்பநிலைக் கட்டுப்பாடு, முறையான புள்ளியியல் என்று நிபந்தனைகள். அதன்படி, மணிக்கட்டில் தூண்டிக் கட்டைவிரல் தசையில் பதியும் மீடியன் நரம்புக்கு நேரம் 4.5 மில்லி விநாடி வரை போகலாம். முன்கை வேகம் 49க்குக் குறையக்கூடாது. கவனமாகச் செய்த வேலை, மரியாதைக்குரியது.

ஆனால் தேறிய ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தவை. உயரமும் எடையும் அங்கே வேறு. உயரமானவர்களுக்கு நரம்பு நீளம், கால் நரம்பில் வேகம் குறையும். முதுகுத்தண்டு வரை போய்த் திரும்பும் எஃப் அலையின் நேரம் கூடும். தோலுக்கடியில் கொழுப்பு அதிகம் என்றால் உணர்வுச் சைகையின் உயரம் குறையும். தடித்த விரலில் சைகை சிறியது, மெல்லிய விரலில் பெரியது. ஆறடி மனிதர்களை வைத்து வகுத்த எஃப் அலை எல்லையை ஐந்தடிப் பாட்டிக்குப் போட்டால், அவருக்கு நேரம் உண்மையிலேயே நீண்டிருந்தாலும் எல்லைக்குள்தான் விழும். நோய் தப்பிவிடும்.

சிக்கனமாக ஒரு வழி இருக்கிறது. அந்த அட்டவணையை எடுத்துக்கொண்டு, அவர்கள் செய்த அதே முறையில் இங்குள்ள 20 பேரை அளந்து பொருந்துகிறதா என்று பார்க்கலாம். பொருந்தாத நரம்புக்கு மட்டும் சொந்தமாக வகுக்கலாம்.

அப்படியானால் இந்தியர், சீனர், மலாய்க்காரர் நரம்பு வெவ்வேறா?

நரம்பு ஒன்றுதான். மாறுவது அதைச் சுமக்கும் உடம்பு. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் மூன்று இனத்தையும் சேர்ந்த ஆரோக்கியமானவர்களை அளந்து, வயது, உடலமைப்பு ஆகியவற்றின் தாக்கத்தையும் சேர்த்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். நம் அக்கம்பக்கத்து மக்களை வைத்தே கேள்வி கேட்டதற்காக அந்த வேலையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அடையாள அட்டையில் இருக்கும் இனத்தைப் பார்த்து "இவருக்கு இந்த எல்லை, அவருக்கு அந்த எல்லை" என்று ஆளுக்கொரு அட்டவணை போடுவதை நான் ஏற்கவில்லை. அப்பா தமிழர், அம்மா சீனர் என்று ஒரு பிள்ளை வந்தால் எந்த அட்டவணையை எடுப்பது? வயது, உயரம், எடை இவற்றை நேரடியாக அளக்க முடியும்போது அவற்றையே சமன்பாட்டில் போடலாம். எல்லா இனத்தவரையும் போதிய எண்ணிக்கையில் சேர்ப்பது, அந்தச் சமன்பாடு எல்லாருக்கும் வேலை செய்கிறதா என்று சரிபார்க்க.

சிங்கப்பூரில் வெயில்தானே? வெப்பநிலை ஏன் பெரிய விஷயம்?

வெளியில் வெயில், உள்ளே ஏர்கான். எம்ஆர்டியிலும் பேருந்திலும் குளிரில் உட்கார்ந்து, அப்புறம் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து வருகிறவரின் கையைத் தொட்டால் ஐஸ்தான்.

ஒருமுறை அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். "கை ரொம்ப ஜில்லுனு இருக்கேம்மா" என்றேன். "பஸ்ஸுலயும் குளிரு, இங்கயும் குளிரு, நான் என்ன தம்பி செய்றது" என்றார். உள்ளங்கைத் தோலில் அளந்தால் 29 டிகிரி. அப்படியே தூண்டிப் பார்த்தபோது மீடியன் நரம்பின் நேரம் 4.8 மில்லி விநாடி வந்தது. அட்டவணைப்படி அது நோய். வெந்நீர்ப் பையைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, 32.5 டிகிரி வந்ததும் மறுபடி தூண்டினேன். 4.1. அந்த அம்மாவின் மணிக்கட்டு நரம்பில் குறையே இல்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு டிகிரி குறைந்தால் நேரம் சுமார் 0.2 மில்லி விநாடி நீளும். வேகம் விநாடிக்கு 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும். பல ஆய்வகங்கள் கையில் 32 டிகிரியும் காலில் 30 டிகிரியும் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கின்றன. இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. குளிரில் சைகையின் உயரம் கூடும். இழைகள் பாதி செத்துப்போன நரம்பும் குளிர்ந்த காலில் நல்ல உயரம் காட்டி ஏமாற்றிவிடும். ஆகவே குளிரானது, இல்லாத நோயையும் காட்டும், இருக்கும் நோயையும் மறைக்கும்.

அளவு வகுக்கும் ஆய்வில் இது இரட்டிப்பு முக்கியம். தொண்டூழியர்களைக் குளிர்ந்த கையோடு அளந்து வகுத்த எல்லை, அதன்பின் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் தவறாகவே போகும். கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்பார்கள். நோயுற்ற நரம்பில் அந்தக் கணக்கு நம்பத்தக்கதில்லை. சூடுபடுத்திவிட்டு அளப்பதே மேல்.

எனக்கு 78 வயது. இளையவர்களோடு ஒப்பிடுவது நியாயமா?

இல்லை. நடுத்தர வயதுக்குப் பிறகு வேகம் பத்தாண்டுக்கு விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டர் குறையும். உணர்வுச் சைகையின் உயரம் இன்னும் வேகமாகக் குறையும். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பில், முதியவர் ஒருவருக்குச் சைகையே வராமல் போனாலும் அதை வைத்து மட்டும் நோய் என்று சொல்லிவிட முடியாது. பல அட்டவணைகள் அறுபது, எழுபதோடு நின்றுவிடுகின்றன. மூத்தோர் எண்ணிக்கை இவ்வளவு வேகமாகக் கூடும் ஊரில் எண்பது வயதுக்கான எல்லை இல்லாதது பெரிய குறை என்பேன்.

குழந்தைகள் கதை தலைகீழ். பிறந்த குழந்தையின் நரம்பு வேகம் பெரியவர்களுடையதில் ஏறக்குறையப் பாதி. மயலின் வளர வளரக் கூடி, மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரியவர் அளவை எட்டும்.

இரண்டு மருத்துவமனையில் செய்தேன், இரண்டு விதமாக வந்தது. யாரை நம்புவது?

இருவருமே சரியாக இருக்கலாம். தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவில் ஒருவர் 7 சென்டிமீட்டர் வைப்பார், இன்னொருவர் 8. நேரத்தை ஒருவர் அலை கிளம்பும் புள்ளியில் எடுப்பார், இன்னொருவர் உச்சியில். உயரத்தையும் இரண்டு விதமாக அளக்கலாம். விரலில் தூண்டி மணிக்கட்டில் பதிவதற்கும், மணிக்கட்டில் தூண்டி விரலில் பதிவதற்கும் உயரம் வேறு. கருவியில் மின் இரைச்சலை நீக்கும் வடிகட்டியின் அமைப்பை மாற்றினாலும் எண் மாறும். எல்லை என்பது அந்த முறையோடு சேர்ந்தே பிறந்தது. ஒருவரின் முறையில் அளந்துவிட்டு இன்னொருவரின் அட்டவணையோடு ஒப்பிடுவதுதான் தவறு.

முழங்கை ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பை முழங்கையில் அளக்கும்போது கையை 70 முதல் 90 டிகிரி மடக்கி வைக்க வேண்டும். நீட்டி வைத்தால் நரம்பு உள்ளே தளர்ந்து கிடக்கும், மேலே நாடாவால் அளக்கும் தூரம் நரம்பின் உண்மையான நீளத்தைவிடக் குறைவாக வரும். 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 9 என்று எழுதினால் 55 என்ற நல்ல வேகம் 49.5 ஆகிவிடும். நாடாவில் ஒரு சென்டிமீட்டர்! ஒருவரை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்ப அது போதும்.

புதிதாக யாரையும் அளக்காமல், பழைய நோயாளிகளின் பதிவிலிருந்தே எல்லை எடுக்க முடியாதா?

முடியும், ஓரளவுக்கு. பரிசோதனைக்கு வருகிறவர்களில் பலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். ஜோ ஜாபர் என்ற மருத்துவர் முன்வைத்த இ-நார்ம்ஸ் என்ற முறையில், ஆய்வகத்தில் சேர்ந்த எல்லா எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கி வரைவார்கள். இரு முனையும் செங்குத்தாக வளையும், நடுவில் நீளமான சமதளம் வரும். சமதளத்தில் இருப்பவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். செலவில்லை, நம் ஊர் மக்களின் எண்களே கிடைக்கின்றன, முதியவர்களும் குழந்தைகளும் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நரம்பில் நோய் இருந்தால் சமதளமே நோயாளிகளால் ஆகியிருக்கும். கை மரத்துப்போய் வருகிறவர்களின் மீடியன் நரம்பு அப்படிப்பட்ட இடம். அங்கே இதை மட்டும் நம்பக்கூடாது.

ஒரே ஓர் எண் எல்லைக்கு வெளியே. எனக்கு நோயா?

பெரும்பாலும் இல்லை. எல்லையே ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு இரண்டரை பேர் வெளியே விழும்படி வகுத்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஒன்றையொன்று சாராத 10 அளவுகள் எடுத்தால், எந்த நோயும் இல்லாமலே ஏதாவது ஒன்று வெளியே விழும் வாய்ப்பு நூற்றுக்கு 22. இருபது அளவு எடுத்தால் நூற்றுக்கு 40. நரம்பு அளவுகள் ஒன்றையொன்று ஓரளவு சார்ந்தவை என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும், ஆனாலும் சிறியதில்லை. அதனால் அனுபவமுள்ள மருத்துவர் ஒற்றை எண்ணில் தீர்ப்பு எழுத மாட்டார். இரண்டு நரம்பில், ஒரே திசையில், உங்கள் தொல்லையோடு பொருந்தும் மாற்றம் இருக்கிறதா என்று தேடுவார்.

மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்கப்படும் கார்ப்பல் டனல் நோயில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒரே கையில் மீடியன் நரம்பின் நேரத்தைப் பக்கத்து நரம்பின் நேரத்தோடு ஒப்பிடுவார்கள். மோதிர விரலில் ஒன்று, கட்டைவிரலில் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று என மூன்று வித்தியாசங்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரே கை, ஒரே வெப்பம், ஒரே வயது என்பதால் வெளி அட்டவணையின் குறைகள் பெருமளவு விலகிப்போகின்றன.

எல்லாம் நார்மல் என்று வந்தது. ஆனால் பாதம் எரிகிறது. எப்படி?

இந்தப் பரிசோதனை பருமனான, வேகமான இழைகளை மட்டுமே பார்க்கிறது. எரிச்சலையும் வலியையும் சுமக்கும் நுண்ணிழைகளை அது தொடுவதே இல்லை. நீரிழிவில் அந்த நுண்ணிழைகள் முதலில் கெடுவதும் உண்டு. ஆகவே உங்கள் எரிச்சல் கற்பனையில்லை. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கு வேறு பரிசோதனைகள் இருக்கின்றன.

இன்னொன்று. உங்கள் சைகை முன்பு 30 மைக்ரோவோல்ட் இருந்து இப்போது 12 ஆகியிருந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது, ஆனால் எல்லைக்கு மேலேதான் நிற்கிறது. அட்டவணைக்கு அது தெரியாது. ஒரு பக்கத்தை மறுபக்கத்தோடு ஒப்பிட்டால் தெரியலாம். பாதிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனிப்போம்.

நான் நலமாக இருக்கிறேன். ஆய்வுக்கு என்னை அளக்க வரலாமா? ஆபத்து உண்டா?

தயவுசெய்து வாருங்கள். மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இப்படி ஆய்வு நடத்தும்போது தொண்டூழியர் தேவை என்று அறிவிப்பார்கள். வீட்டில் அப்பா, அம்மா, மாமா, அத்தை யாராவது எழுபதைத் தாண்டி நல்ல நடையோடு இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள்தான் கிடைப்பதில்லை. நோய் வந்தபின் நம் ஆட்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், நலமாக இருக்கும்போது வருவதில்லை.

தூண்டல் சுருக்கென்று இருக்கும், சிலருக்குப் பிடிக்காது, பின்விளைவு இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமான பரிசோதனைக்கு அது பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் இருக்கிறது. நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல், உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தொடங்க முடியாது. பாதியில் வேண்டாம் என்றாலும் எழுந்து போகலாம். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்து பெரியவர்களுக்குப் புரியவில்லை என்றால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பரிசோதனை நாளில் என்ன செய்ய வேண்டும்?

கை காலில் எண்ணெயோ கிரீமோ தடவாதீர்கள், மின்முனை ஒட்டாது. மோதிரம், வளையல் கழற்றும்படி இருக்கட்டும். முழங்கால் வரை மடிக்கக்கூடிய உடை நல்லது. மெல்லிய ஸ்வெட்டர், காலுறை கொண்டுவாருங்கள், காத்திருக்கும் நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். மருந்துகளை நிறுத்த வேண்டாம். முன்பு வேறெங்காவது இதே பரிசோதனை செய்திருந்தால், முடிவுரை எழுதிய பக்கத்தோடு எண்கள் இருக்கும் பக்கத்தையும் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் அங்கே கேட்டு வாங்குங்கள். அதில் தோல் வெப்பநிலை எழுதியிருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.